படம் எப்படி?

பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் வட்டாரத்தில் பைராம் தோட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் கரும்பும் பின்னர் ரப்பரும் விளைந்த வட்டாரம் அது. அத்தகைய தோட்டங்களில் வாழ்ந்த முந்தைய தலைமுறையினருக்குத் திரையரங்கு எட்டாத தொலைவில் இருந்தது. ஆகவே, படமே தோட்டத்தைத் தேடி வந்தது. திடலில் வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுவார்கள். பொழுது சாய்ந்ததும் மக்கள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து அமர்வார்கள். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்கும்போதும், பால்மரக் காட்டுக்கு நடக்கும்போதும் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சே ஓடும்.

அந்தப் பேச்சில் ஒரு நேர்மை இருந்தது. கருத்துச் சொன்னவரும் படத்தைப் பார்த்தவர், கேட்டவரும் பார்த்தவர். “படம் சரியில்லை” என்று ஒருவர் சொன்னால், “ஏன் அப்படிச் சொல்கிறாய்?” என்று பக்கத்தில் நிற்பவர் உடனே கேட்டுவிடுவார். காரணம் சொல்லாமல் நழுவ முடியாது.

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. தொடக்கத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஒரு சில வீடுகளில் மட்டுமே இருந்ததால், அண்டை வீட்டாரும் அங்கே கூடிப் பார்த்தனர். சேர்ந்து பார்ப்பதும் சேர்ந்து பேசுவதும் தொடர்ந்தன. இன்றோ ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை இருக்கிறது. அவரவர் தனியே பார்க்கிறார்கள். கருத்தை மட்டும் ஊரறியச் சொல்கிறார்கள். “படம் படுமோசம்” என்று ஒருவர் புலனத்தில் அனுப்பும் ஒரு வரி, அந்தப் படத்தைப் பார்க்காத நூறு பேரைச் சென்றடைகிறது. அந்த நூறு பேரில் “ஏன்?” என்று கேட்பவர் மிகக் குறைவு. பலர் கேட்காமலேயே அதை அடுத்தவருக்கு அனுப்பிவிடுகின்றனர்.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று சிலர் கேட்கலாம். பெரிய நடிகர் நடித்த படத்திற்கு அதனால் பெரிய பாதிப்பு வராமல் போகலாம். ஆனால், குறைந்த செலவில் எடுக்கப்படும் மலேசியத் தமிழ்ப் படங்களின் நிலை வேறு. அவை சில திரையரங்குகளில்தான் வெளியாகின்றன. முதல் சில நாள்களில் கூட்டம் வராவிட்டால் காட்சிகள் குறைக்கப்படும். பிறகு பார்க்க விரும்பினாலும் படம் அங்கே இருக்காது.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான ‘ஜகாட்’ திரைப்படத்தை இங்கு நினைவுகூரலாம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அப்படம், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் வாழ்வை ஒரு சிறுவனின் கதைவழி காட்டியது. அதில் பெரிய நட்சத்திரங்கள் இல்லை. பார்த்தவர்கள் மற்றவர்களிடம் எடுத்துச் சொன்ன நல்ல சொல்லே அதற்கு விளம்பரமாக அமைந்தது. 2016ஆம் ஆண்டு நடைபெற்ற 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் அப்படம் சிறந்த மலேசியத் திரைப்படத்திற்கான விருதைப் பெற்றது. பார்க்காமலேயே “உள்ளூர்ப் படம்தானே” என்று அனைவரும் ஒதுக்கியிருந்தால், பைராம் போன்ற தோட்டங்களின் பிள்ளைகளுக்குத் தங்கள் தாத்தா பாட்டியின் கதையைத் திரையில் காணும் வாய்ப்புக் குறைந்திருக்கும்.

அப்படியானால், உள்ளூர்ப் படங்களை எல்லாம் புகழ வேண்டும் என்பது பொருளா? இல்லை. பொய்யான பாராட்டும் தீங்கே செய்யும். குறையைக் கேட்காத கலைஞர் வளரமாட்டார். ஏமாந்த பார்வையாளர் அடுத்த படத்திற்கு வரமாட்டார். ஒரு படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையோடு காரணம் சொல்லும் கடமையும் சேர்ந்தே வருகிறது. கதை எந்த இடத்தில் தொய்ந்தது, எந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை, எந்த உரையாடல் மனத்தைத் தொட்டது என்று சொன்னால், கேட்பவர் தாமே முடிவெடுப்பார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது பொருந்தும், திரைப்படத்திற்குப் பொருந்தாது. முன்னோட்டத்தை மட்டும் பார்த்துப் படத்தை அளக்க முடியாது. முழுப் படத்தையும் பார்த்தவர்களின் கருத்துகூடக் காலப்போக்கில் மாறுவதுண்டு. 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தில் பாடல்களே இல்லை. பாடல்களை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாற்றமடைந்தனர். படம் வசூலில் தோற்றது. இன்று அது தமிழ்த் திரையின் முக்கியமான படங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 2003இல் வெளியான ‘அன்பே சிவம்’ படமும் திரையரங்கில் பெரிய வெற்றி பெறவில்லை. பின்னர்த் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதைக் கொண்டாடினர். படம் மாறவில்லை, பார்த்தவர்களின் எதிர்பார்ப்பே மாறியது. ஆகவே, கருத்துச் சொல்பவர், “நான் எதை எதிர்பார்த்துச் சென்றேன்? படம் எதைச் சொல்ல வந்தது?” என்று தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

கருத்துச் சொல்வதற்குத் திறனாய்வாளராக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்துத் திடலில் பாய் விரித்துப் படம் பார்த்தவர்கள் திறனாய்வு நூல்களைக் கற்றவர்கள் அல்லர். ஆயினும், அவர்கள் படத்தைக் கடைசிவரை பார்த்தார்கள்; கேட்டவருக்குக் காரணம் சொன்னார்கள்; மாற்றுக் கருத்தையும் காது கொடுத்துக் கேட்டார்கள். இன்றைய மாணவர்கள், “படம் எப்படி?” என்று நண்பர் கேட்கும்போது, ஒரு சொல்லோடு நிறுத்தாமல், “ஏனென்றால்...” என்று தொடர்ந்தால் போதும். கருத்து அங்கேதான் தொடங்குகிறது.