பெயரும் ஓர் அமானிதமே

பொருளையோ பணத்தையோ ஒருவர் நம்மிடம் ஒப்படைத்தால் அதனை அமானிதம் என்கிறோம். அவருடைய பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அவ்வாறே அமானிதம்தான் என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தில் நிகழ்ந்தவை இதனை நமக்கு உணர்த்துகின்றன.

ஆப்கானிஸ்தானில் பிரிட்டன் படைகளுடன் மொழிபெயர்ப்பாளர்களாகவும் பிற பணிகளிலும் இருந்தவர்கள், 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றியபோது உயிருக்கு அஞ்சிப் புகலிடம் கோரினர். அடுத்த மாதமே, அத்தகையோருக்கு அமைச்சகம் அனுப்பிய மின்னஞ்சல்களில் ஒருவர் முகவரி மற்றவர்களுக்கும் தெரியும்படி இருந்தது. 265 பேரின் முகவரிகள் வெளிப்பட்டன. இதற்காக 2023 டிசம்பரில் தகவல் ஆணையர் அலுவலகம் 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

இதனினும் பெரிய தவறு 2022 பிப்ரவரியில் நேர்ந்தது. 150 விண்ணப்பதாரர்களின் விவரம் என்றெண்ணி அதிகாரி ஒருவர் வெளியே அனுப்பிய எக்செல் கோப்பில் 18,714 பேரின் விவரங்கள் இருந்தன. சிலருடைய குடும்பத்தாரைப் பற்றிய தகவல்களும் இருந்தன. 2023 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி முகநூலில் தென்பட்ட பின்னரே அமைச்சகம் விழித்தது.

அடுத்த மாதம் நீதிமன்றம் ஒரு தடையாணை பிறப்பித்தது. கசிவைப் பற்றி மட்டுமன்று, அப்படியொரு தடையாணை இருப்பதைக்கூட எவரும் வெளியிட இயலாது. அது 2025 ஜூலை 15 அன்றுதான் நீக்கப்பட்டது. அன்றே பாதுகாப்பு அமைச்சர் ஜான் ஹீலி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

ஆபத்தில் இருப்போரை வெளியேற்றும்வரை செய்தியை அடக்கி வைத்தோம் என்னும் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயிரக்கணக்கானோர் இரகசியமாக அழைத்து வரப்பட்டதும் உண்மையே. ஆயினும், அழைத்து வரப்படாதவர்களின் நிலை என்ன? தம் பெயர் வெளியானதை அறிந்திருந்தால் அவர்கள் எண்ணை மாற்றியிருப்பார்கள். இயன்றால் இருப்பிடத்தையும் மாற்றியிருப்பார்கள். அந்த வாய்ப்பும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

கை தவறுதல் மனித இயல்பு. அமானிதம் தொலைந்ததை அதன் உரிமையாளரிடமிருந்தே மறைப்பது வேறு வகையைச் சேர்ந்தது. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. குடும்பத்தின் விவரங்கள் அனைத்தையும் படிவங்களில் எழுதிக் கொடுக்கும் நாம், அந்த விலக்கு எதற்கு என்று கேட்டாக வேண்டும்.