வழி கேட்பதும் வழி மறிப்பதும்

நாடாளுமன்றக் கூச்சல் நமக்கு நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. டிக்டாக்கில் முப்பது விநாடி ஓடுகிறது. ஒருவர் எழுந்து கத்துகிறார், இன்னொருவர் பதிலுக்குக் கத்துகிறார், சபாநாயகர் உட்காரச் சொல்லிக் கெஞ்சுகிறார். "செம அடி லா" என்று வாட்சாப் குழுவுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறோம். அன்றைக்கு எந்த மசோதாவைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது.

குறுக்கீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. மக்களவைக் கூட்ட விதிகளில் 37ஆவது விதியே அதற்கு இடம் தருகிறது. விதிமீறலைச் சுட்டிக்காட்ட எழலாம். விளக்கம் கேட்கவும் எழலாம், ஆனால் பேசிக்கொண்டிருப்பவர் சம்மதித்து அமர வேண்டும். மலாயில் இதை 'மிந்தா லாலுவான்' என்கிறார்கள். வழி கேட்பது. அமைச்சரைத் திணறவைக்கும் அப்படிப்பட்ட ஒரு கேள்வி, எழுதிக் கொண்டுவந்து வாசிக்கும் பத்து உரைகளைவிட மேல். வழி கேட்கிறவருக்குப் பதில் வேண்டும். வழி மறிக்கிறவருக்கு அது வேண்டியதில்லை.

2007 மே மாதம், நாடாளுமன்றக் கட்டடத்தில் கூரை ஒழுகியதைப் பத்து காஜா உறுப்பினர் ஃபோங் போ குவான் எழுப்பினார். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் இருவர் அவருடைய மாதவிடாயைக் கேலி செய்தார்கள். 2020 ஜூலை 13இல், குழுவில் பெண்கள் ஏன் இல்லை என்று பத்து கவான் உறுப்பினர் கஸ்தூரி பட்டு கேட்டார். கறுப்பாக இருக்கிறார், தெரியவில்லை, பவுடர் பூசிக்கொள்ளட்டும் என்றார் பாலிங் உறுப்பினர்.

மன்னிப்புகள் பிறகு வந்தன. ஆனால் நமக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது பவுடர்தான். நியாயத்துக்காகக் கோபப்பட்ட நாமும்கூட அந்த வசவைத்தான் பகிர்ந்தோம், அந்தக் கேள்வியைப் பகிரவில்லை. மறித்தவர் நினைத்தது நடந்துவிட்டது.

"கத்தாம இருந்தா யாரு கேப்பா? எதிர்க்கட்சிக்கு வேற என்ன ஆயுதம் இருக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு சம்பவங்களிலும் கத்தியது யார்? ஆளுங்கட்சி வரிசை. கூச்சல் எப்போதும் எண்ணிக்கை அதிகம் உள்ளவர்களுக்கே உதவும். 222 பேர் கொண்ட அவையில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெண்கள் இல்லை. ஐம்பது குரல் ஒருசேர எழுந்தால் அமுங்கிப்போவது யாருடைய குரல் என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதில்லை. அவைக்குறிப்பில் இதெல்லாம் அடைப்புக்குறிக்குள் 'டேவான் ரியூ' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிறது. அவையில் இரைச்சலாம். யார் இரைந்தார்கள், என்ன சொல்லி இரைந்தார்கள் என்பது அந்த இரண்டு சொல்லுக்குள் தெரியாது.

இலக்கியம் படிக்கிற நாம் முழுப் பிரதியைத் தேடிப் படிக்கப் பழகியவர்கள் என்று பெருமைப்படுகிறோம். அவைக்குறிப்பும் ஒரு பிரதிதான்; நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த முறை கூச்சல் காணொளி வந்தால் அனுப்புவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். கத்தத் தொடங்குவதற்கு முன்னால் அந்த உறுப்பினர் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்? அதைக் குழுவில் போடுங்கள்.