எல்லை தாண்டும் களவும் எல்லையில் நிற்கும் சட்டமும்

தானா ராத்தாவில் களவாடிய ஒருவன் தாப்பாவுக்கு இறங்கி ஓடினால் தப்பிவிடுவானா? கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது. தாப்பா பேராக்கைச் சேர்ந்தது. மலைச்சாலையின் நடுவே மாநில எல்லை குறுக்கிடுகிறது. ஆயினும் அதைக் கண்டு எந்தக் காவலரும் திரும்பிவிடுவதில்லை. காவல்துறை நாடு முழுவதற்கும் ஒன்றே என்பதைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அவ்வாறிருக்க, பொதுப்பணத்தைக் கவர்ந்தவன் மட்டும் நாட்டெல்லையைத் தாண்டிய அளவில் பாதுகாப்புப் பெறும் விந்தையை நாம் எத்தனை காலம் பொறுப்பது?

1எம்டிபி என்னும் அரசு முதலீட்டு நிறுவனம் 2009இல் தோன்றியது. அதிலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கணக்கிட்டது. சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர் வங்கிகளின் வழியே சென்ற பணம் மாளிகைகளாகவும் ஓவியங்களாகவும், ஏன், திரைப்படமாகவும்கூட உருமாறியது. நிறுவனத்தின் கடன்சுமையோ இறுதியில் அரசின் தலையில், அதாவது வரி செலுத்துவோர் தலையில் விழுந்தது. 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, ரிங்லெட் கடையில் சவர்க்காரம் வாங்கிய கொழுந்து பறிக்கும் பெண்ணும் அதனைச் செலுத்தினாள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் கூலி குறையும் என்பது அவள் அறிந்த கணக்கு. கருவூலத்தில் கோடிகள் குறைந்ததற்கு எவர் கூலி குறைந்தது?

நாடுகளிடையே ஒத்துழைப்பு உண்டே என்பர். குற்றவியல் விவகாரங்களில் பரஸ்பர உதவிக்கான ஆசியான் நாடுகளின் உடன்படிக்கை 2004இல் கோலாலம்பூரிலேயே கையெழுத்தாயிற்று. ஆனால், அயல்நாட்டின் வேண்டுகோள் யார் மேசைக்கு வருகிறது? மலேசியாவில் சட்டத்துறைத் தலைவரின் மேசைக்கு. அவரை நியமிக்க மாமன்னருக்கு ஆலோசனை கூறுபவர் பிரதமர். அப்பிரதமர் மீதே ஐயம் எழுந்தால்? 2016 ஜனவரி 26இல், அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் குற்றம் ஏதும் புரியவில்லை என அறிவித்துச் சட்டத்துறைத் தலைவர் கோப்பை மூடினார். மூன்றே நாளில் சுவிட்சர்லாந்தின் தலைமை வழக்குரைஞர், பெருந்தொகை கையாடப்பட்டதற்கான அறிகுறிகள் உள்ளன என்று கூறி மலேசியாவின் உதவியை நாடினார். உதவி மறுக்கப்பட்டது. 2018 மே மாதத்தில் ஆட்சி மாறிய பின்னரே கதவு திறந்தது. பிரதமராய் இருந்தவர், 1எம்டிபியின் துணை நிறுவனமாய் இருந்த எஸ்ஆர்சியின் வழக்கில் 2020இல் தண்டனை பெற்றார். 2022இல் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. வாக்குப்பெட்டி வேறு விடை தந்திருந்தால், அந்தக் கோப்பு இன்றும் மூடியே கிடந்திருக்கும்.

2016 ஜூலையில் அமெரிக்கா லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்ததே என்று சிலர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியில் எனக்குப் பங்கில்லை. பணம் டாலராய் அமெரிக்க வங்கிகளைக் கடந்தது. அமெரிக்க மண்ணில் சொத்தாயிற்று. ஆகவே அந்நாட்டின் சட்டம் பாய்ந்தது. திருடியவர்கள் வேறு நாணயத்தைத் தேர்ந்திருந்தால் நாம் எங்கே போய் முறையிட்டிருப்போம்? வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சோழநாட்டுக் கண்ணகி பாண்டியன் அவையில் தடையின்றி வழக்குரைத்தாள். நம் தோட்டத்துப் பெண்ணுக்கு அப்படி ஓர் அவை எங்கே இருக்கிறது?

ஐரோப்பியர் ஒரு வழி கண்டுள்ளனர். 2021 ஜூன் முதல் நாள், லக்சம்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்டு ஐரோப்பியப் பொது வழக்குத்தொடுநர் அலுவலகம் பணி தொடங்கியது. அப்போது 22 நாடுகள் அதில் இணைந்திருந்தன. ஒன்றியத்தின் பொதுநிதிக்கு எதிரான குற்றங்களை அது புலனாய்கிறது. அதன் பிரதிநிதிகளான வழக்குரைஞர்கள் அந்தந்த நாட்டிலேயே இருந்து, அந்நாட்டுக் காவல்துறையுடன் சேர்ந்து உழைத்து, அந்நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கின்றனர். ஆனால், எந்த நாட்டு அரசிடமிருந்தும் அவர்கள் கட்டளை பெறுவதில்லை. ஆசியானுக்கு அத்தகைய பெரும் பொதுநிதி இல்லை, உண்மைதான். இரண்டு உறுப்புநாடுகளின் வங்கிகளைக் கடந்து செல்லும் அரசுப் பணம் என்று வரம்பு வகுத்துத் தொடங்கலாமே!

உடனே இறையாண்மை என்னும் கேடயத்தை உயர்த்துவர். சுவிட்சர்லாந்தின் வேண்டுகோள் மறுக்கப்பட்டபோது காக்கப்பட்டது எவருடைய இறையாண்மை? ரிங்லெட்டில் சவர்க்காரம் வாங்கியவளுடையதா?