நிற்கிற எல்க்கைத் தொடாதே

கணினி விளையாட்டுகளில் வரும் வேட்டை பெரும்பாலும் சுகமான பொய். புதரில் பதுங்கிக் குறி பார்ப்போம், அம்போ தோட்டாவோ பாயும், மிருகம் சாயும், தோலும் இறைச்சியும் பையில் சேர்ந்துவிடும். தப்பினால் கைவேகம் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் நாலு தடவை ஆடினால் அதுவும் கைவந்துவிடும்.

‘வுல்ஃப்குவெஸ்ட்’ விளையாட்டில் அந்தச் சலுகை இல்லை. அதில் நீங்கள் ஓநாய். இருப்பதெல்லாம் நான்கு கால்களும் ஒரு வாயும்தான். எதிரே நிற்பது எல்க். நம் கடமானுக்கு உறவான, வட அமெரிக்காவின் பெரிய மான் இது. பெண் எல்க்கே 230 கிலோ வரும். கொம்பு வைத்த கிடா 300 கிலோவைத் தாண்டும். ஓநாய் 45, மிஞ்சினால் 60 கிலோ. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, அந்த மானை வாயால் பிடித்துக் கீழே தள்ள வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முயல் மாதிரிச் சின்னதைப் பிடித்தும் காலம் தள்ளலாம்தான். ஆனால் குட்டிகள் பிறந்தபின் முயல் கட்டுப்படியாகாது. எல்க்கிடம் போயே தீர வேண்டும்.

மின்னசோட்டா உயிரியல் பூங்காவும் எடுவெப் என்ற நிறுவனமும் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் சேர்ந்து செய்த விளையாட்டு இது. 2007 டிசம்பரில் வந்தது. ‘கல்வி விளையாட்டு’ என்று முத்திரை குத்தினாலே பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். இதற்கு மட்டும் அந்த விதி பலிக்கவில்லை. 2019 முதல் புதுப்பித்த பதிப்பு வரத் தொடங்கி, இன்னும் மெருகேறிக்கொண்டிருக்கிறது. களம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அமெதிஸ்ட் மலை, ஸ்லூ க்ரீக் என்று விளையாட்டில் வரும் பெயர்களெல்லாம் நிஜ வரைபடத்தில் இருப்பவை. அங்கே பூங்கா நிர்வாகமே 1926-க்குள் ஓநாய்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, எழுபது வருடம் கழித்து, 1995-லும் 1996-லுமாக 31 ஓநாய்களைக் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. கொன்றவனும் நானே, கொணர்ந்தவனும் நானே என்ற கதை. அந்த மீள்குடியேற்றத்தால்தான், ஓநாய் எப்படி வேட்டையாடுகிறது என்பதை மனிதர்கள் சாலையோரத்தில் தொலைநோக்கியை நட்டுவைத்து வருடக்கணக்கில் பார்க்க முடிந்தது. விளையாட்டின் சரக்கில் பெரும்பகுதி அந்தப் பார்வையிலிருந்து வந்தது.

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு. இதை அவள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அன்றைக்குத் திரையில் பனிப்பள்ளத்தாக்கு. மந்தையாக எல்க்குகள். அவளுடைய ஓநாய் நேராக மந்தைக்குள் பாய்ந்தது. ஆனால் எதையும் கடிக்கவில்லை. சும்மா விரட்டியது. மந்தை சிதறியது. பக்கத்திலேயே ஒரு பெண் எல்க் திரும்பி, தலையைத் தூக்கிக்கொண்டு, அசையாமல் நின்றது. நான் பாய்ந்திருப்பேன். இவள் ஓநாயைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

“ஏன் விட்ட? கைக்கெட்டுற தூரத்துலதானே நின்னுச்சு?”

“நிக்குதுல்ல மாமா, அதான். நிக்கிறது ஒதைக்கும்.”

“அப்ப ஓடுறதைத்தான் பிடிக்கணுமா?”

“ஓடுறதுலயும் எது பின்தங்குதுன்னு பாக்கணும். பேசாம இருங்க, அது போயிடும்.”

அவள் சொன்ன இரண்டு வாக்கியமும் ஓநாய் ஆராய்ச்சியின் சாரம். டேவிட் மெக் என்ற ஆய்வாளர் இதை அறுபது வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார். சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்று ஒரு தீவு. அங்கே எல்க் கிடையாது, அதைவிடப் பெரிய மூஸ் மான்தான். 1958-ல் தொடங்கிய ஆய்வில் இளைஞரான மெக் சின்ன விமானத்தில் ஏறி, உறைந்த தீவுக்கு மேலே வட்டமடித்தபடி ஓநாய்க் கூட்டத்தைக் கவனித்தார். 77 மூஸ்களை ஓநாய்கள் நெருங்கிச் சோதித்ததைப் பதிவு செய்தார். அவற்றில் கொன்றது 6. நூற்றுக்கு எட்டுகூடத் தேறவில்லை. அசையாமல் நின்று முறைத்த மூஸ்களிடம் ஓநாய்கள் சற்று நேரம் சுற்றிவந்துவிட்டுக் கிளம்பிவிட்டன. யெல்லோஸ்டோனில் எல்க்குடன் கணக்கு இதைவிடக் கொஞ்சம் மேல். ஆனாலும் ஐந்து முயற்சியில் ஒன்று பலித்தால் பெரிது.

விரட்டுவது கொல்வதற்காக அல்ல, பார்ப்பதற்காக. மாட்டுச்சந்தையில் மாட்டை நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஓடவிட்டால்தான் எது நொண்டுகிறது, எதற்கு மூச்சு வாங்குகிறது என்று தெரியும். வேட்டைக்காரன் என்றால் விடாப்பிடிக்காரன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய இரையை நம்பிப் பிழைக்கும் விலங்குக்கு விடத் தெரிவதுதான் தொழில். சரியான நேரத்தில் திரும்பிப் போகாத ஓநாய்க்கு விலா எலும்பு மிஞ்சாது. இது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. காட்டு ஓநாய்களின் எலும்புக்கூடுகளில் முறிந்து கூடிய விலா எலும்புகளை ஆய்வாளர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

பூனைக் குடும்பத்து விலங்குகளோடு ஒப்பிட்டால் ஓநாய்க்கு ஆயுதம் குறைவு. புலிக்கு உள்ளிழுக்கும் நகம் உண்டு, முன்காலால் அணைத்துப் பிடிக்கும் பலம் உண்டு. ஓநாயின் கால்கள் ஓடுவதற்கு மட்டும். பிடிப்பதும் தொங்குவதும் கொல்வதும் எல்லாமே வாய்தான். அதாவது, 230 கிலோ உதைக்கும்போது முகம் அதன் குளம்புக்கு அரையடி தூரத்தில் இருந்தாக வேண்டும். விளையாட்டு இந்த இடத்தில் நேர்மையாக இருக்கிறது. தொடையைக் கவ்வித் தொங்கிக்கொண்டே ஓடுகிறது ஓநாய்; எல்க் உதறுகிறது; பிடி நழுவுகிறது; உதை விழுகிறது; ஓநாயின் ஹெல்த் பார் சட்டென்று இறங்குகிறது. மறுபடி ஓட்டம். இழுபறி நீண்டுகொண்டே போகிறது. முதல் முறை பார்க்கிறவர்களுக்கு அலுப்பாகக்கூட இருக்கும். எனக்கு அந்த அலுப்பு பிடித்திருந்தது. நிஜத்தில் இது சில சமயம் மணிக்கணக்கில், இரவைத் தாண்டியும்கூட நடக்கிற வேலை.

விளையாட்டின் தொடக்கத்தில் ஓநாயை வடிவமைக்கும்போது பலம், வேகம், தாக்குப்பிடிக்கும் திறன் போன்றவற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். இதுவும் கற்பனையில் பிறந்ததல்ல. யெல்லோஸ்டோனில் டான் மக்நல்ட்டி என்பவரும் சகாக்களும் ஓநாய்களின் வேட்டையை நேரில் பார்த்து ஆராய்ந்தார்கள். உடம்பு பெருத்த ஓநாய், இரையைப் பற்றித் தள்ளுகிற கட்டத்தில் கெட்டி. விரட்டுகிற கட்டத்தில் அந்த உடம்பால் பெரிய லாபம் இல்லை. இன்னொன்றும் கண்டார்கள். வேட்டைத் திறன் உச்சத்தில் இருப்பது இரண்டு மூன்று வயதில், அதற்குமேல் இறங்குமுகம். விளையாட்டும் உங்களைப் பிறந்த கூட்டத்தை விட்டுக் கிளம்பிய இளம் ஓநாயாகத்தான் தொடங்கவைக்கிறது. ஜோடி தேட, எல்லை பிடிக்க, குட்டி வளர்க்க அதுதான் வயது.

இரையின் பக்கமும் ஒரு கணக்கு ஓடுகிறது. கிடா எல்க்கின் கொம்பு வருடா வருடம் உதிர்ந்து முளைப்பது. கொம்பு இணைசேரும் காலத்துச் சண்டைக்கு என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். சண்டைக்காலம் இலையுதிர் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. அப்புறமும் பனிக்காலம் முழுக்க அந்தப் பாரத்தைத் தலையில் சுமப்பானேன்? 2018-ல் வெளிவந்த யெல்லோஸ்டோன் ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொன்னது. கொம்பை முதலில் உதிர்க்கிற கிடாக்கள் மற்றவற்றைவிட நல்ல உடல்நிலையில் இருந்தவை. சீக்கிரம் உதிர்த்தால் அடுத்த கொம்பு சீக்கிரம் முளைக்கும், பெரிதாகவும் வளரும். ஆனால் ஓநாய்கள் தேடிப் பிடித்தது அவற்றைத்தான். வாட்டசாட்டமாக இருந்து என்ன, ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டானே! சோப்ளாங்கியாக இருந்தாலும் கொம்போடு நிற்பவனிடம் அவை போவது குறைவு. வலுவில்லாததைத்தான் ஓநாய் தின்னும், அதனால் மந்தைக்கு நல்லது என்று பள்ளிக்கூடத்தில் படித்த சமாதானம் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஓநாய் பார்ப்பது இரையின் ஆரோக்கியச் சான்றிதழை அல்ல, தன் விலா எலும்பை.

அடித்து முடித்தாலும் சாப்பாடு நிச்சயமில்லை. காக்கையினத்துப் பெரிய ரேவன் பறவைகள் ஓநாயின் பின்னாலேயே வந்து முதல் பந்தியில் உட்காரும். கரடி வந்தால் எழுந்து கொடுக்க வேண்டியதுதான். ஒரே அமர்வில் 9 கிலோ வரை ஓநாய் விழுங்குவது பேராசையால் அல்ல, வயிற்றுக்குள் போனதைக் கரடி பிடுங்க முடியாது என்பதால்.

விளையாட்டு எங்கே சறுக்குகிறது என்றால், ஹெல்த் பாரில். எல்க்குக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று கோடு போட்டுக் காட்டினால் சந்தேகம் போய்விடுகிறது. காட்டில் வேட்டையே சந்தேகத்தில்தான் நடக்கிறது. அந்தக் கோடு பாதியாகிவிட்டால் பிள்ளைகளும் விட மனமில்லாமல் கூடவே ஓடிச் சாகிறார்கள். இன்னொரு சறுக்கல் பெரிது: தனி நாயகன். ஒற்றை ஓநாய் வளர்ந்த எல்க்கை வீழ்த்துவது நிஜத்திலும் உண்டு, ஆனால் அபூர்வம். திரையில் அது அன்றாடச் சமையல் மாதிரி நடக்கிறது.

சரி, கூட்டம் பெருத்தால் வேட்டையும் பெருகுமா? மக்நல்ட்டி குழுவின் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்க் வேட்டையில் சுமார் நான்கு ஓநாய் வரை ஆள் கூடக்கூட வெற்றி கூடுகிறது. அதற்குமேல் கூடுவதில்லை. ஐந்தாவது, ஆறாவது ஓநாய் கூடவே ஓடுகிறது, ஆனால் உதை விழுகிற இடத்துக்கு வருவதில்லை. மற்றவர்கள் தள்ளட்டும், பந்திக்குப் போய்க்கொள்ளலாம் என்று பின்னாலேயே நிற்கிறது. காட்டெருமை வகையான பைசன் என்றால் கதை வேறு. கிடா 900 கிலோ வரை போகும். பெரும்பாலும் ஓடாமல் எதிர்த்து நிற்கும் இனம். அதற்குச் சுமார் பதினொன்று வரை ஆள் கூடக்கூட வெற்றியும் கூடிக்கொண்டே போகிறது. நாலு பேரால் முடியாது என்று தெரிந்தால் சும்மா நிற்பவனும் கைகொடுக்கிறான். பெலிக்கன் பள்ளத்தாக்கில் மோலிஸ் என்ற கூட்டம் பனிக்காலத்தில் பைசனை அடித்துப் பிழைத்துப் பேர் வாங்கியது. அங்கே அந்தப் பருவத்தில் எல்க் இருப்பதில்லை.

இந்த ஐந்தாவது ஓநாயை எந்த விளையாட்டிலாவது நாயகனாக வைப்பார்களா? காசு கொடுத்து வாங்கி, பின்னாலேயே ஓடி, ஒன்றும் செய்யாமல், சாப்பிட மட்டும் உட்காருவது! அலுவலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறதே.

அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு உடனே தன் ஓநாயின் ஜோடி மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவள் எல்க்கைக் கவ்விக்கொண்டு உதை வாங்கும்போதெல்லாம் அது பத்தடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறதாம்.

“அப்ப அதுவும் ஆராய்ச்சிப்படிதான் நடந்துக்குதா மாமா?”

“இல்லம்மா. நாலு பேருக்கு மேல இருந்தாத்தான் அந்தச் சாக்கு செல்லும். ரெண்டே பேர்னா அது வெறும் சோம்பேறி.”

“அப்ப ஜோடியை மாத்திட வேண்டியதுதான்,” என்றாள்.