தென்னந்தோப்பும் காடாம்!

வியாபாரச் சகோதரர்களே! பக்கத்துக் கடைச் சரக்கையும் சேர்த்து இருப்பு எழுதினால் உங்கள் கடை எத்தனை நாள் நிற்கும்? நாட்டின் வனக்கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது!

நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது காடும் மரமுமாக இருக்க வேண்டும் என்றது 1988 தேசிய வனக்கொள்கை. 2023 வன அறிக்கை காட்டும் காடு 21.76 சதவீதம். அதுவாவது உண்மையா? ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சதவீதம் மரநிழல் விழுந்தால் போதும், அது காடாம்! தென்னந்தோப்பும் காடு, மாந்தோப்பும் காடு! மழைநீரைப் பிடித்து ஆற்றுக்குக் கொடுக்கும் சோலையும் தோப்பும் ஒன்றா?

விறகிலும் தீவனத்திலும் பழங்குடியினருக்கும் ஏழைகளுக்கும் முதலிடம் என்றதும் அதே கொள்கைதான். 2006 வன உரிமைச் சட்டம் அவர்களின் உரிமையைச் சட்டமாக்கியது. நடப்பதென்ன? உத்தரகாண்ட் காடுகளில் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்க்கும் வன் குஜ்ஜர் முஸ்லிம்கள் பட்டாவுக்காக இன்னும் போராடுகிறார்கள். இலை ஒடித்து எருமை வளர்ப்பவன் ஆக்கிரமிப்பாளன். மலையைக் குடைந்து சுரங்கம் தோண்டுபவன் வளர்ச்சி நாயகனா?

போதாக்குறைக்கு 2023 சட்டத் திருத்தம். நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள், தேசப் பாதுகாப்பு என்று சொல்லிப் போடும் சாலைக்கும் ரயில் பாதைக்கும் வனச்சட்ட முன்அனுமதி தேவையில்லையாம்! காடு என்ற சொல்லின் பொருளையே அந்தத் திருத்தம் சுருக்கியது. 1996 தீர்ப்பின் அகராதிப் பொருளையே பின்பற்றுங்கள் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட வேண்டியதாயிற்று.

இளைஞனே! ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேள்: இயற்கைக் காடு எவ்வளவு, தோப்பு எவ்வளவு? தனித்தனியே கணக்குக் காட்டச் சொல்! கேட்காதவனுக்கு எந்தக் கணக்கும் சரியாகத்தான் தெரியும்.