கொட்டையை நம்பி மரத்தை விட்டேன்

போன வாரம் எங்க குடியிருப்புல தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடினோம். புனேல மாம்பழ சீசன் முடியற நேரம். ஆளாளுக்கு ஒரு பெட்டி ஹாபூஸ் கொண்டு வந்திருந்தாங்க. சாறு முழங்கை வரைக்கும் வழியச் சாப்பிட்டுக்கிட்டே நண்பர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல வந்ததை சத்தமா வாசிச்சார். ஒட்டு மரத்துப் பழம் செயற்கையாம், மரபணுவை மாத்தினதாம், பிள்ளைங்களுக்குக் குடுத்தா வம்சமே விளங்காதாம். நாட்டு மரத்துப் பழம்தான் மருந்தாம். எல்லாரும் 'ஆமாங்க, ஆமாங்க'ன்னு தலையாட்டிட்டு அடுத்த ஹாபூஸை எடுத்தாங்க. அதுவும் ஒட்டுதாங்கன்னு சொன்னேன். யாரும் கேக்கலை. கொஞ்ச நேரத்துல இன்னொரு நண்பர் ஆளுக்கொரு பொட்டலம் குடுத்தார். தபால்ல வரவழைச்ச 'பாரம்பரிய நாட்டு விதை': சலசலன்னு காஞ்ச பலாக்கொட்டை, சுருங்கின கறிவேப்பிலை விதை. நான் வாயைத் திறந்ததும் வீட்டம்மா மேஜைக்கு அடியில காலை மிதிச்சாங்க. அங்க சொல்ல முடியாததை எல்லாம் இங்க சொல்லிடறேன்.

முதல்லயே ஒண்ணு. இந்த மடத்தனத்தை வெளியே நின்னு சிரிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. அதே வசனத்தைப் பேசித்தான் நான் ஒரு மரத்தையே தொலைச்சேன்.

கடையத்துக்குப் பக்கம் எங்க ஆச்சி வீடு. கிணத்தடியில ஒரு மாமரம். தாத்தா குத்தாலத்துல தின்னுட்டு கொண்டு வந்து போட்ட கொட்டைன்னு சொல்வாங்க. பழம் ரொம்பப் பெருசில்ல, உள்ளங்கைக்குள்ள அடங்கும். நார் கிடையாது. தோலை மட்டும் கடிச்சு உறிஞ்சினா கொட்டை வெள்ளையா வெளியே வந்துரும். கடையில எந்தப் பேர்லயும் அந்தப் பழம் கிடைக்காது. எங்களுக்கு அது 'கிணத்தடிப் பழம்', அவ்வளவுதான்.

2015 மே மாசம் இருபத்திரண்டு கொட்டையை புனேக்குக் கொண்டு வந்தேன். ஆச்சி பூசணி விதையையும் பாகல் விதையையும் எப்படிப் பாதுகாப்பாளோ அதே மாதிரி செஞ்சேன். மொட்டை மாடி வெயில்ல ஒரு வாரம் காயப் போட்டு, சாம்பல் தடவி, பேப்பர்ல சுத்தி, மழை வரட்டும்னு ஃப்ரிட்ஜ்ல வச்சேன். ஜூன் கடைசியில நட்டேன். ஒண்ணு கூட முளைக்கலை. 'புனே மண்ணு சரியில்ல'ன்னு ஊர் மேல பழியைப் போட்டேன். (நமக்குத் தெரியாததுக்கெல்லாம் வந்த ஊர்தானே காரணம்!)

மண்ணு பாவம். கொன்னது நான்.

விதைன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கிறதுதான் நம்ம முதல் தப்பு. நெல்லு, உளுந்து, கத்தரி, பாகல் இதெல்லாம் செடியில இருக்கும்போதே தண்ணியை விட்டுட்டு காஞ்சு, மூச்சை அடக்கித் தூங்கப் போற ரகம். உள்ள இருக்கிற ஈரத்தை நூத்துக்கு அஞ்சு வரைக்கும் இறக்கி, குளிர்ல வச்சா வருஷக்கணக்கா உயிரோட இருக்கும். இஸ்ரேல்ல மசாதா கோட்டையில கிடைச்ச சுமார் ரெண்டாயிரம் வருஷப் பழைய பேரீச்சங்கொட்டை 2005-ல முளைச்சது இந்த வகையாலதான். மா, பலா, ரப்பர், கொக்கோ எல்லாம் வேற சாதி. இதுங்களுக்குத் தூங்கத் தெரியாது. பழத்துக்குள்ள இருக்கும்போதே அடுத்து முளைக்கிற வேலையில இருக்கும். நல்லாப் பழுத்த பலாவை அறுத்தா சில சமயம் உள்ளயே வேர் விட்ட கொட்டை இருக்கும், பாத்திருப்பீங்க. அந்த ஈரம் போச்சுன்னா செல்லோட சவ்வு கிழிஞ்சு உயிர் போயிரும், அப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் திரும்பாது. குளிரும் ஆகாது. ஈரமான காட்டுல, மழை தொடங்குற நேரத்துல கீழே விழுற கொட்டை எதுக்காகக் காத்திருக்கணும்? காத்திருக்கிற வித்தையை அது கத்துக்கவே இல்லை.

இங்கிலாந்துல ரீடிங் பல்கலைக்கழகத்து ராபர்ட்ஸ் 1973-லயே விதைகளை இப்படி ரெண்டாப் பிரிச்சு எழுதிட்டார். வடதுருவத்துக்குப் பக்கத்துல ஸ்வால்பார்டுல 2008-ல திறந்த விதைக் கிடங்கு இருக்கே, மைனஸ் 18 டிகிரியில உலகத்து விதையை எல்லாம் காப்பாத்துதுன்னு படம் போடுவாங்களே, அங்க மாங்கொட்டைக்கு இடமே கிடையாது. மாவைக் காப்பாத்தணும்னா தோட்டத்துல உயிருள்ள மரமாத்தான் வளர்க்கணும். நிலைமை இப்படி இருக்க, காஞ்ச பலாக்கொட்டையை 'பாரம்பரியம்'னு ஒட்டி தபால்ல விக்கிறவங்களை என்ன சொல்ல? ஒண்ணு அவங்களுக்கு விதையைப் பத்தித் தெரியாது, இல்ல நமக்குத் தெரியாதுன்னு நல்லாத் தெரியும். கறிவேப்பிலையும் அப்படித்தான். கறுத்த பழத்தைப் பிசைஞ்சு சதையைக் கழுவி சூட்டோட சூடா மண்ணுல போடணும், சில வாரம் போனா அது வெறும் குப்பை.

கதைக்கு வரேன். 2016-ல ரயில்ல சாப்பிட்ட கிணத்தடிப் பழத்தோட ரெண்டு கொட்டையை என் பொண்ணு வந்த அன்னைக்கே தொட்டியில வீசிட்டா. ரெண்டும் முளைச்சது! எனக்குத் தலைகால் புரியலை. ஊரையே கொண்டு வந்துட்ட மாதிரி ஒரு மிதப்பு.

2017 ஜனவரி ஞாபகம் இருக்கில்ல. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல கூட்டம், இங்க புனேலயும் நாங்க அட்டை பிடிச்சு நின்னோம். அதுல நான் வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா அந்தச் சூட்டுல 'நாட்டு' அப்படின்னு தொடங்குற எதுவும் உத்தமம், மத்ததெல்லாம் சதின்னு ஒரு வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு. அந்த மே மாசம் சித்தப்பா போன் பண்ணினார். பாகம் பிரிச்சாச்சு, கிணத்தடி அவர் பங்கு, மகனுக்கு வீடு கட்டணும், மரம் போயிரும். "எலேய், நம்ம நர்சரிக்காரர்ட்ட சொல்லிருக்கேன். மரம் நிக்கும்போதே ரெண்டு கன்னு ஒட்டுக்கட்டி வாங்கிருவோமாலே?"ன்னு கேட்டார்.

நான் பாடம் எடுத்தேன். "ஒட்டு வேண்டாம் சித்தப்பா. நாட்டு மரத்தை நாம கெடுக்கக் கூடாது. எங்கிட்டதான் அதோட கொட்டையில வந்த கன்னு ரெண்டு இருக்கே."

"கொட்டையை நம்பாதடே"ன்னார். நான் கேக்கலை. ஆவணியில மரத்தை வெட்டிட்டாங்க.

தொட்டிக் கன்னுல ஒண்ணு செத்துப் போச்சு. இன்னொண்ணை காம்பவுண்டு ஓரத்துல இறக்கி வச்சு வளர்த்தேன். 2023-ல முதல் காய்ப்பு. எங்கூட இருக்கிற அம்மாவுக்குத்தான் முதல் பழம். ஒரு கடி கடிச்சாங்க. ஒரே நார், புளிப்பு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "இது நம்ம மரம் இல்லடா"ன்னாங்க.

இல்லவே இல்லை. இருக்கவும் முடியாது. மாம்பூவுல மகரந்தம் சுமக்கிறது பெரும்பாலும் ஈ. எந்த மரத்துல உக்காந்துட்டு இங்க வந்ததுன்னு யாருக்குத் தெரியும்? தாய் கிணத்தடி, தகப்பன் யாருன்னு ஈயைத்தான் கேக்கணும். அந்தத் தாயே கலப்புல வந்தவ. நம்ம ஊரு மாங்கொட்டை பெரும்பாலும் ஒரே கருவுள்ளது, அந்தக் கரு இந்தக் கலப்புப் பிள்ளைதான். வெள்ளைக்கொழும்பான், ஓலூர் மாதிரி சில ரகங்கள்ல மட்டும் ஒரே கொட்டையில பல முளை வரும், அதுல பல முளை தாயோட அச்சு. மத்தபடி கொட்டை போட்டு முளைக்கிற மரம் ஒவ்வொண்ணும் ஒரு புது ஆள்.

அதனால கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. 'ஒட்டு'ன்னா கலப்பு, 'கொட்டை'ன்னா சுத்தம்னு சொல்றது அப்படியே தலைகீழ். கொட்டையில வந்த மரம்தான் கலப்பு. ஒட்டுதான் கலப்பே இல்லாதது. தாய்மரத்துல பென்சில் தடிமனுக்கு ஒரு குச்சி எடுத்து, அடியை ஆப்பு மாதிரி சீவி, இன்னொரு கன்னோட தண்டைப் பிளந்து சொருகிக் கட்டறோம். பட்டைக்கு அடியில பச்சையா வழவழன்னு இருக்கிற கேம்பியம் ரெண்டும் ஒட்டி நிக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம். காயம் ஆறுற மாதிரி திசு வளர்ந்து, தண்ணிக் குழாய்கள் இணைஞ்சு, மூணு நாலு வாரத்துல துளிர்க்கும். கீழே இருக்கிற வேர் தண்ணி குடுக்கும், மரத்தோட உயரம் வேகம் இதையெல்லாம் கொஞ்சம் மாத்தும். மேல வர்ற கிளையோட டிஎன்ஏ தாய்மரத்தோடதாவே இருக்கும். ஆய்வகம் கிடையாது, ஊசி கிடையாது, ஒரு கத்தியும் பிளாஸ்டிக் பட்டையும் போதும். மரபணு மாத்தின மாம்பழம் இந்தியாவுல கிடையவே கிடையாது.

நாம 'அந்தக் கால நாட்டு ரகம்'னு உருகுற மல்கோவா, இமாம் பசந்த், நீலம் எல்லாமே எங்கயோ ஒரு மரமாத் தொடங்கி, ஒட்டுல கை மாறித்தான் நம்ம வரைக்கும் வந்திருக்கு. இங்க மராத்திக்காரங்க சந்தையில தெளிவாச் சொல்றாங்க: கொட்டையில வந்தது 'ராய்வள்', ஒட்டினது 'கலமி'. ரெண்டையும் சாப்பிடறாங்க, ஒண்ணைத் திட்டறதில்லை.

கர்நாடகத்துல துமகூரு மாவட்டத்துல ஒரு விவசாயி வீட்டு ஒத்தைப் பலாமரம், சுளை செம்பு நிறம். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதை ஒட்டுக்கட்டி, மரம் நட்டவர் பேராலயே 'சித்து'ன்னு பரப்பிச்சு, கன்னு வித்த காசுல அந்தக் குடும்பத்துக்கும் பங்கு குடுத்துச்சு. கொட்டையில பரப்பியிருந்தா அந்த நிறம் எந்தப் பிள்ளைக்கு வரும்னு யார் சொல்ல முடியும்?

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். நர்சரிகள்ல நாலஞ்சு ரகத்தையே திருப்பித் திருப்பி ஒட்டி, ஊர் ஊருக்கு இருந்த ஆயிரம் மரம் அழிஞ்சது உண்மை. தாத்தா கொட்டையை வீசலைன்னா கிணத்தடி மரமே பிறந்திருக்காது, அதுவும் உண்மை. பையில வளர்ந்த ஒட்டுக்கன்னு சிலது ஆணிவேர் சுருண்டு காத்துக்குச் சாயும், அதுக்கு இங்க கொங்கண்ல கொட்டையை நிலத்துலயே முளைக்க வச்சு, அந்த இடத்துலயே ஒட்டறாங்க. தப்பு எந்த மரத்தை ஒட்டறோம்ங்கிறதுல இருக்கு, ஒட்டுல இல்ல. புது மரம் வேணுமா, கொட்டை போடுங்க. 'அந்த' மரம் வேணும்னா கொட்டையால ஆகாது.

ஊருக்குப் போறவங்க ஆச்சி வீட்டு மரத்துல எது நிக்குதுன்னு பாருங்க. இந்த வருஷத்துக் கொழுந்து, மூணு நாலு மாசம் முத்தினது, பென்சில் தடிமன். வெட்டறதுக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னாடி இலையை மட்டும் கிள்ளிடச் சொல்லுங்க, காம்பு இருக்கட்டும், நுனி மொட்டு பருத்து வரும். வெட்டின குச்சியை ஈரத்துணியில சுத்தி பாலிதீன்ல போட்டா சில நாள் தாங்கும். ஒட்டினதுக்கு மேல குச்சி ஐஸ் கவரைத் தொப்பி மாதிரி மாட்டி விட்டா காயாது. பத்துல நாலு பிடிச்சாலும் லாபம்தான்.

போன ஞாயித்துக்கிழமை சித்தப்பா மகன் பேசினான். கிணத்தடி மரத்துப் பழத்தை எங்க பெரிய அத்தை ஒரு காலத்துல விரும்பிக் கேட்டு, நர்சரிக்காரரோட அப்பா அத்தைக்கு ஒரு கன்னு கட்டிக் குடுத்தாராம். ஆம்பூர்ல அத்தை வீட்டுக் கொல்லையில இன்னமும் ஒரு மரம் நிக்குதாம். "அதுதானான்னு தெரியல அண்ணே, காய்ப்பு இப்ப ரொம்பக் கம்மி"ன்னான். இலையைக் கிள்ளி வைக்கச் சொல்லிட்டேன். ஆடியில சாரல் சமயத்துல ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன். ஃப்ளைட்ல கைப்பையில கத்தி விடமாட்டாங்கன்னு நாகர்கோவில் வண்டியில டிக்கெட். அம்மாவும் வர்றாங்க, அது நம்ம மரமான்னு அவங்கதான் சொல்லணும் :-)