நாலு பவுண்டு காற்று

சென்ற ஆனியில் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் புறப்பட்டோம். காலையில் வடசேரியிலேயே நான்கு டயர்களுக்கும் 32 பவுண்டு காற்று அடித்தாயிற்று. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே போய், வள்ளியூரில் பெட்ரோலுக்காக நிறுத்தினோம். அங்கே அளந்தால் 36!

"மைனி, காத்து கூடிப்போச்சு! நாலு பவுண்டை இறக்கச் சொல்லுங்க" என்று நாத்தனார் பதறினாள். பங்க்கில் நின்ற பையனும் குனிந்துவிட்டான். நான் விடவில்லை.

ஓடுகிற டயர் சூடாகிறது. சூடேறினால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் கூடத்தானே செய்யும்? டயர் ஆறினால் தானே இறங்கிவிடும். அவசரப்பட்டுத் திறந்துவிட்டால், மறுநாள் 28தான் நிற்கும். அபாயம் அங்கேதான். காற்றுக் குறைந்த டயர் உருளும்போதெல்லாம் அதிகமாக நசுங்கி நிமிர்ந்து, மேலும் மேலும் சூடாகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகையில் டயர் வெடிப்பது பல சமயம் இதனால்தான்.

ஆகவே, சகோதரிகளே, வண்டி ஓடுமுன், டயர் ஆறியிருக்கும்போதே அளந்துவிடுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரியும் சீட்டில் இருக்கிறது. டயரின் விலாவில் பொறித்த எண்ணை நம்பாதீர்கள். அது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. ஸ்கூட்டரில் பின்சக்கரத்துக்குச் சற்று அதிகம் வேண்டும். பின்னால் மாமியார் ஏறினால் இன்னும் அதிகம். (அவர் எடையை விசாரிக்க வேண்டாம், வண்டியோடு தந்த புத்தகத்தில் கணக்குப் போட்டிருக்கிறது.)

மறுநாள் காலையில் திருநெல்வேலியில் அளந்தோம்: 32. நாத்தனார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அவளேதான் விளக்கிக்கொண்டிருந்தாள்!